தறிக்குழி ஓரத்தில் கற்ற ஆங்கிலச் சொற்கள்: தேவதைக் கதைகளை வைத்துச் செய்து பார்த்த ஆறு மாதங்கள்

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போனாள். ஆங்கிலப் பாடத்தை அவள் பிழையின்றி வாசிப்பாள். ஆனால் வாசித்த வரியின் பொருளைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். எழுத்துக் கூட்டத் தெரிகிறது, சொற்கள்தாம் கையில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. தனிப்பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன், ஆறு மாதம் வீட்டிலேயே முயன்று பார்க்க முடிவு செய்தேன். சென்னிமலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணியிலிருந்து ஆறரை மணி வரை உட்காருவது என்று ஏற்பாடு. என் மகளோடு, பெற்றோர் இருவரும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் எதிர்வீட்டு ஏழாம் வகுப்புப் பையனும், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியும் சேர்ந்துகொண்டார்கள்.

தேவதைக் கதைகளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. சிண்ட்ரெல்லாவையும் மூன்று பன்றிக்குட்டிகளையும் பிள்ளைகள் தமிழில் ஏற்கெனவே அறிவார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால் கதையைப் புரிந்துகொள்ளும் சுமை குறைந்து, கவனம் முழுவதும் சொல்லின் மேல் நிற்கும். மேலும் இக்கதைகளில் எல்லாமே மும்முறை நடக்கும்: ஓநாய் மூன்று கதவுகளைத் தட்டும், மூன்று இரவுகளில் வைக்கோல் பொன்னாகும். புதிய சொல்லொன்றை ஒரே கதைக்குள் மூன்று முறை சந்திக்கும் வாய்ப்பைப் பாடநூல் எளிதில் தருவதில்லை.

முதல் மூன்று வாரங்கள் வீணாயின. சிண்ட்ரெல்லா கதையிலிருந்து நாற்பது சொற்களைப் பொறுக்கி, பக்கத்தில் தமிழ்ப் பொருளை எழுதி, மனப்பாடம் செய்யச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கேட்டபோது மூவரில் அதிகமாகச் சொன்ன என் மகளுக்கே ஒன்பது சொற்கள்தாம் நினைவிருந்தன. அதற்கடுத்த வாரம் அது ஆறாகக் குறைந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்துபோகின்றன என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். என் பட்டியலும் பிள்ளைகளுக்கு அத்தகைய பொருளற்ற அசைகளாகவே இருந்திருக்கிறது. 'ஹார்த்' என்றால் அடுப்படி என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லுக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் நடுவே எந்தப் பாதையையும் நான் போட்டுக் கொடுக்கவில்லை.

புத்தகத் தேர்விலும் தவறினேன். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய மெல்லிய வண்ணப் புத்தகங்களை முதலில் எடுத்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் எளிமைப்படுத்துகிறோம் என்ற பெயரில், கற்கத் தகுந்த சொற்களையே அவற்றில் களைந்திருந்தார்கள். தூங்கும் அழகியின் கதையில் அவள் விரலைக் குத்திய 'ஸ்பின்டில்' (ராட்டையில் நூலை முறுக்கும் கதிர்) காணாமல்போய், 'கூர்மையான ஒரு பொருள்' என்று பொதுவாக எழுதியிருந்தது. இளவரசி வருந்தினாள், இளவரசன் மகிழ்ந்தான் என்ற வகையில் ஓடும் வாக்கியங்களில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

அதனால் நேரெதிர் திசையில் போனேன். கிரிம் சகோதரர்களான யாக்கோபும் வில்ஹெல்மும் தம் கதைத் தொகுப்பின் முதல் பகுதியை 1812-இல் வெளியிட்டார்கள். 1857-இல் வந்த ஏழாம் பதிப்பில் கதைகளின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியிருந்தது. மார்கரெட் ஹன்ட் 1884-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலிருந்து சில கதைகளை அச்செடுத்துக் கொடுத்தேன். சொல்வளம் நிறைந்த மொழிபெயர்ப்புதான். ஆனால் 'தவ்' (நீ), 'தீ' (உன்னை), 'ஹிதர்' (இங்கே) போன்ற வழக்கொழிந்த சொற்களும் அதில் ஊடாடிக் கிடந்தன. ஏழாம் வகுப்புப் பையன் பள்ளிக் கட்டுரையில் 'யூ' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தவ்' என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் வாங்கி வந்தான். ஆசிரியர் செய்தது முற்றிலும் சரி. பிழை என்னுடையது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரே வழிதான் இருந்தது. கதைகளை நானே மறுபடி எழுதத் தொடங்கினேன். பழைய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கதையை ஏறத்தாழ முந்நூற்றைம்பது சொற்களுக்குள், ஒரு வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்டாமல், இரண்டு தாளில் கையால் எழுதுவேன். வழக்கொழிந்த சொற்களை நீக்குவேன். ஆனால் கருவிகள், பாத்திரங்கள், மரஞ்செடிகள், கைவேலைகள் ஆகியவற்றின் பெயர்களில் ஒன்றைக்கூடத் தொட மாட்டேன். ஒரு கதைக்குப் புதுச்சொற்கள் பன்னிரண்டு மட்டுமே: ஏழு கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்கள், நான்கு வினைகள், ஒன்று பண்பைக் குறிப்பது. ஒரு கதையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. இத்திட்டத்தில் அதிக உழைப்பைக் கேட்டதும், அதிகப் பயன் தந்ததும் இந்த வேலையே.

சொல்லட்டைகளை முதலில் வெள்ளைத்தாளில் வெட்டி வைத்திருந்தேன். ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி வீசும் என்பதைக் கொங்கு நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி இரண்டாம் சனிக்கிழமை திண்ணையில் பரப்பியிருந்த அட்டைகள் அனைத்தும் ஒரே வீச்சில் தெருவுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் ஓடியோடிப் பொறுக்கினார்கள். பாதிதான் திரும்பி வந்தது. அன்றைக்கு எடுத்திருந்த கதை மூன்று பன்றிக்குட்டிகள் என்பது நல்ல வாய்ப்பாக அமைந்தது. பையன் மூச்சிரைக்க வந்து நின்றபோது, "இப்போது காற்று செய்தது 'ப்ளூ', ஊதியது. நீ இரைக்கும் இந்த மூச்சுத்தான் 'பஃப்'" என்றேன். ஊதுவதற்கு 'ப்ளோ', ஊதியதற்கு 'ப்ளூ', ஊதப்பட்டதற்கு 'ப்ளோன்' என்ற மூன்று வடிவங்களையும் அவன் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

அடுத்த வாரம் அந்தக் கதையைக் கையால் கட்டினோம். வைக்கோலில் ஒரு குடிசை, வேலிக்காத்தான் குச்சியில் ஒன்று, கொத்தனாரிடம் கேட்டு வாங்கிய உடைந்த செங்கல் துண்டுகளில் ஒன்று. ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-இல் தொகுத்த நூலில் இரண்டாவது வீடு 'ஃபர்ஸ்' என்னும் முட்செடியால் கட்டப்பட்டதாக வருகிறது. பிற்காலத்தில் சொல்லப்பட்டவற்றில் அது குச்சியாயிற்று. ஆகவே எங்கள் ஊர் வேலிமுள் கதைக்கு நன்றாகவே பொருந்தியது. மூன்றையும் திண்ணை விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஆடிக்காற்று முதல் வீட்டை எடுத்துச் சென்றது, இரண்டாவதைச் சாய்த்தது, மூன்றாவதைத் தொடவில்லை. 'ஸ்ட்ரா' என்றால் பழச்சாறு உறிஞ்சும் குழல் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். முன்னாளில் உறிஞ்சுவதற்கு உண்மையான தானியத் தாளையே பயன்படுத்தினார்கள் என்றும், அந்தப் பெயர்தான் பின்பு காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் வந்தது என்றும் சொன்னவுடன் இரண்டு பொருளும் ஒன்றாய் இணைந்தன. மாட்டுக்குப் போடும் சோளத்தட்டை எடுத்துக் காட்டி, இது 'ஸ்ட்ரா' இல்லை, 'ஸ்டாக்' என்று பிரித்துச் சொன்னேன். பின்னால் ஜாக்கின் அவரைக்கொடிக் கதை வந்தபோது அந்தச் சொல் தயாராக இருந்தது.

இனி, முதலில் தோற்ற சிண்ட்ரெல்லாவை எப்படிச் சரிசெய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குளிக்க வெந்நீர் காய்ச்சும் விறகடுப்பு இன்னும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மூவரையும் அங்கே உட்கார வைத்தேன். விறகு பற்றியதும் எழுந்த தீநாக்கைக் காட்டி 'ஃப்ளேம்' என்றேன். நீர் காய்ந்த பின் விறகை வெளியே இழுத்தபோது செக்கச்செவேலென்று கனன்ற கங்கு 'எம்பர்'. அது அணைந்து, பாதி எரிந்த கரித்துண்டாய் நின்றது 'சிண்டர்'. கடைசியில் மிஞ்சிய சாம்பல் 'ஆஷ்'. இவை நான்கும் கிடக்கும் அடுப்படித் தரைதான் 'ஹார்த்'. இந்தச் சொற்களை யாரும் எழுதவில்லை. முக்கால் மணி நேரம் தீ அணைவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். கரித்துண்டைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்த சிறுமி திடீரென்று நிமிர்ந்து, "அக்கா, அப்படீன்னா அவ பேரே கரிதானுங்களா?" என்று கேட்டாள். ஆமாம். அடுப்பங்கரையிலேயே கிடந்ததால் வந்த பெயர் அது. ஷார்ல் பெரோ என்ற எழுத்தாளர் 1697-இல் பிரெஞ்சில் எழுதிய கதையில் வரும் 'சாந்திரியோன்' என்ற பெயரும், ஜெர்மன் மொழியில் வழங்கும் 'ஆஷன்புட்டல்' என்ற பெயரும் சாம்பலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தவை. நாற்பது சொற்பட்டியலில் மறந்துபோன அதே சொற்களை ஆறு வாரம் கழித்துக் கேட்டபோது, மூவரும் ஐந்தையும் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் இந்தக் கதைகளைப் பற்றி ஒன்று எனக்குத் தெளிவானது. இவை அரண்மனைக் கதைகள் போலத் தோன்றினாலும், இவற்றின் சொற்கள் உழைப்பாளி வீட்டுச் சொற்கள். கிரிம் சகோதரர்களுக்கு ஏராளமான கதைகளைச் சொன்ன டோரத்தேயா ஃபீமன், காசல் நகரத்துக்கு அருகே வாழ்ந்த ஒரு தையற்காரரின் மனைவி. டென்மார்க் நாட்டுக் கதாசிரியர் ஆண்டர்சனின் தந்தை செருப்புத் தைத்தவர். தாய் துணி வெளுத்தவர். நூல், ஊசி, தறி, ராட்டை, அடுப்பு, கிணறு, வாளி, கோடரி என்று அவர்கள் கைபட்ட பொருள்கள்தாம் கதை முழுவதும் கிடக்கின்றன. நூலும் நெசவுமாகவே பிழைக்கும் கொங்கு நாட்டில் அப்பொருள்களில் பெரும்பாலானவை வீட்டுக்கு வீடு இருக்கும்போது, அவற்றின் ஆங்கிலப் பெயரைப் படத்தில் ஏன் தேட வேண்டும்?

தூங்கும் அழகியின் கதைக்கு ராட்டை வேண்டியிருந்தது. கதர் உற்பத்திக்கு நூல் நூற்றுக் கொடுத்த என் அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) ராட்டை அட்டாலியில், அதாவது பரணில், கிடந்தது. இறக்கிப் பார்த்தால் கதிர் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தையும் கதிரையும் இணைக்கும் கயிறு இற்றுப்போயிருந்தது. கதிரைக் கழற்றித் தேங்காய் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். நான்கு இழைப் பருத்தி நூலை முறுக்கி, மெழுகு தடவிப் புதுக் கயிறு பூட்டினேன். முதல் முறை கயிறு தளர்வாக இருந்ததால் சக்கரம் சுற்றியும் கதிர் சுற்றவில்லை. முடிச்சை அவிழ்த்து இரண்டு விரற்கடை குறைத்துக் கட்டியதும் சுழலத் தொடங்கியது.

இந்தக் கதையில் பிள்ளைகளுக்கு ஓர் ஐயம் இருந்தது. நூற்கும் கருவி எப்படி விரலைக் குத்தும்? தக்கிளி போன்ற மரக்கதிர் குத்தாது என்பது உண்மைதான். ஆனால் நம் ராட்டையின் இரும்புக்கதிர் முனை கூர்மையானது. அம்முனையிலிருந்துதான் இழை முறுக்கேறி வரும். என் மகள் முனையில் பெருவிரலை வைத்து மெல்ல அழுத்தினாள், சட்டென்று எடுத்துக்கொண்டாள். இரத்தம் வரவில்லை, ஒரு புள்ளி மட்டும் பதிந்திருந்தது. அதுதான் 'ப்ரிக்'. எதிர்வீட்டுப் பையன் வேறொன்றைப் பிடித்தான். அவனுடைய மாமா ஒரு நூல்மில்லில் வேலை செய்கிறார். அந்த மில் இத்தனை ஆயிரம் ஸ்பின்டில் மில், இந்த மில் இத்தனை ஆயிரம் ஸ்பின்டில் மில் என்று மில்லின் அளவையே அந்தச் சொல்லால்தான் வீட்டில் பேசுவார்களாம். "கதையில வர்ற ஸ்பின்டிலும் மாமா மில்லு ஸ்பின்டிலும் ஒண்ணேதானுங்களா அக்கா?" என்று அவன் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர இயலவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல், ஆங்கிலப் புத்தகத்தில் வருவது அதே சொல்தான் என்று தெரியாமலே ஏழாண்டுகள் ஆங்கிலம் படித்திருக்கிறான்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு வழி கிடைத்தது. மூவருமே 'ஸ்பின்டில்' என்பதை எழுதும்போது கடைசியில் ஈ-யையும் எல்-லையும் இடம் மாற்றிப் போட்டார்கள். ஆங்கிலத்தில் கருவிகளின் பெயர்கள் பலவற்றின் ஈற்றில் எல், ஈ என்ற இரண்டு எழுத்துகளும் இதே வரிசையில் நிற்கின்றன. 'ஸ்பின்' என்றால் நூற்றல், நூற்கும் கருவி 'ஸ்பின்டில்'. 'ஹேண்ட்' என்றால் கை, கை பிடிக்கும் இடம் 'ஹேண்டில்'. 'தம்ப்' என்றால் பெருவிரல், தைக்கும்போது விரலில் மாட்டும் உறை 'திம்பிள்'. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, காயைச் சீவுவது காய்சீவி என்று வினையோடு இகரம் சேர்த்து நாம் கருவிக்குப் பெயர் வைப்பதைப் போன்றது இது என்று சொன்னேன். பிறகு 'நீடில்', 'லேடில்', 'ஷட்டில்' ஆகியவற்றையும் அதே வரிசையில் எழுதினார்கள். அதன் பின் இந்தப் பிழை அரிதாகிவிட்டது.

'ஷட்டில்' என்ற சொல் எங்களைத் தறிக்குக் கொண்டுபோனது. ஆண்டர்சன் 1837-இல் வெளியிட்ட பேரரசரின் புதிய ஆடை என்ற கதையில் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் தறி போட்டு, பட்டும் பொன்னிழையும் கேட்டு வாங்கி மறைத்துக்கொண்டு, வெறுந்தறியில் இரவும் பகலும் நெய்வதுபோல் பாசாங்கு செய்கிறார்கள். என் தந்தையார் ஐம்பதாண்டுகளாகக் குழித்தறியில் பெட்சீட் நெய்பவர். பிள்ளைகளை அவரிடம் அழைத்துப் போய், கதையைத் தமிழில் அவருக்குச் சொல்லும் பொறுப்பை என் மகளிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கினார்.

"பாவு பூட்டாத தறி வெறுந்தறின்னு பார்த்த உடனே தெரியுமல்லோ கண்ணு. அந்த மந்திரி ஒருக்காக் கை வெச்சுப் பார்த்திருந்தா ராசா மானம் தப்பிச்சிருக்கும்."

"அவங்களுக்குப் பயமுங்க அப்புச்சி. துணி கண்ணுக்குத் தெரியலைன்னா அறிவில்லாதவன்னு சொல்லிருவாங்கன்னு."

"அப்ப நெசவு தெரியாதவங்களைத்தான் அனுப்பியிருக்கான்" என்று அவர் முடித்தார். கதையை இவ்வளவு சரியாக யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

பிறகு அவர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். நீளவாக்கில் ஓடும் பாவு 'வார்ப்', குறுக்கே போகும் ஊடை 'வெஃப்ட்', ஊடையைச் சுமந்து இப்படியும் அப்படியும் ஓடும் நாடா 'ஷட்டில்'. பந்து இங்குமங்கும் பறக்கும் விளையாட்டுக்கும் அதே பெயர் வந்த காரணத்தைப் பையன் தானாகவே சொல்லிவிட்டான். நெய்துகொண்டிருக்கும்போதே நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றியிருந்த தார் தீர்ந்துபோனது. நாடாவிலிருந்து வெறும் தார்க்குச்சியை எடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தார். "எம்ட்டி" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. நெய்கிறான் 'வீவ்', நெய்தான் 'வோவ்', நெய்யப்பட்டது 'வோவன்' என்ற வரிசையும் அங்கேயே வந்தது. திருப்பூரில் வேலை செய்பவர்கள் நிட்டிங் துணி, வோவன் துணி என்று பிரித்துப் பேசுவதால் மூன்றாவது வடிவம் பையனுக்கு முன்பே பழக்கம். ஆனால் பின்னொரு வாரம் ஹேன்சலும் கிரெட்டலும் வந்தபோது, சூனியக்காரியைத் தள்ளிவிடும் 'அவன்' என்ற அடுப்பை நம் வழக்கப்படி 'ஓவன்' என்று நான் உச்சரித்ததால், சூனியக்காரியை ஏன் துணிக்குள் தள்ளினார்கள் என்று அவன் குழம்பிப்போனான். இரண்டு சொற்களின் எழுத்தையும் ஒலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, என் உச்சரிப்பையும் சேர்த்துத் திருத்திக்கொண்டேன்.

ஊரில் ஏற்கெனவே புழங்கும் சொல் சில இடங்களில் குறுக்கேயும் நின்றது. வைக்கோலைப் பொன்னாக நூற்கும் கதையின் நாயகி ஒரு 'மில்லர்' மகள். மில்லரின் மகள் எப்படி ஏழையாக இருப்பாள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கோயம்புத்தூரில் 1888-இல் முதல் நூல்மில் தோன்றியது முதல் நமக்கு மில் என்றால் பெரிய தொழிற்சாலை. மில்காரர் என்றால் செல்வர். கதையிலோ அவர் நீர்ச்சக்கரத்தில் மாவரைத்துப் பிழைப்பவர். மில் என்பதன் முதற்பொருள் அரைக்கும் இடம் என்பதையும், பஞ்சாலைகளும் தொடக்கத்தில் நீர்ச்சக்கரத்தால் இயங்கியதால் அந்தப் பெயரைப் பெற்றன என்பதையும் விளக்கிவிட்டு, தெருமுனை மாவுமில்லுக்கு ராகி அரைக்க அனுப்பினேன்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் இந்தக் கதைகளைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகும் எவருக்கும் இது தேவைப்படும். சிண்ட்ரெல்லாவின் 'ஸ்டெப்மதர்' என்ற சொல்லுக்கு முதல் பட்டியலில் சித்தி என்று பொருள் எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் தாய் அவளுக்கு மூன்று வயதாகும்போது இறந்துவிட, தாயின் தங்கையே அவளுடைய தந்தையை மணந்து அவளை வளர்த்து வருகிறார். அந்தச் சித்திதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தலை வாரிப் பூ வைத்து அவளை எங்கள் திண்ணைக்கு அனுப்புகிறார். அன்று மாலை சிறுமி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவள் குறிப்பேட்டைப் புரட்டியபோது, 'சித்தி' என்ற சொல்லைப் பென்சிலால் தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்ததைக் கண்டேன்.

அடுத்த வாரம் அந்தச் சொல்லோடுதான் தொடங்கினேன். கிரிம் சகோதரர்களின் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துணிபவள் அவளைப் பெற்ற தாயே. 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக மாற்றினார்கள். ஹேன்சல், கிரெட்டல் கதையிலும் முதலில் தாயாக இருந்தவள் பின்வந்த பதிப்பில் மாற்றாந்தாயானாள். பெற்றவள் இப்படிச் செய்வாள் என்று எழுத அவர்களுக்கு மனம் வராமல், பழியை வேறொருத்தி மேல் ஏற்றினார்கள் என்று பிள்ளைகளிடம் நேராகவே சொன்னேன். எந்த வீட்டையும் பார்த்து எழுதப்பட்டதல்ல அது. அட்டையில் பொருளை அடித்துவிட்டு, 'அப்பாவின் இன்னொரு மனைவி' என்று விளக்கமாக எழுதினேன். சிறுமி அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க சித்திக்கு இங்கிலீஷ்ல என்னங்க?" என்று கேட்டாள். 'ஆன்ட்' என்றும் சொல்லலாம், 'மதர்' என்றும் சொல்லலாம் என்றேன். அவள் இரண்டாவதை எழுதிக்கொண்டாள்.

கற்ற சொல் கழன்றுபோகாமல் காக்க ஒரு பெட்டி செய்தேன். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் பரப்பிய முறை அது. பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும் பார்க்க வேண்டும். அறை எண் கூடக் கூட இடைவெளியும் நீளும். நூல் கோன் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி உடலையும் தடுப்புகளையும் செய்தேன். அதே அட்டையில் நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் என்ற அளவில் சொல்லட்டைகளை நறுக்கி, மூலையில் துளையிட்டு, கழிவு நூலால் கதைக்கொரு கட்டாகக் கட்டினேன். ஆடிக்காற்று அதன் பிறகு அவற்றை அசைக்கவில்லை.

பெட்டியிலும் ஒரு குறை தென்பட்டது. பின்பக்கம் தமிழ்ப் பொருள் இருந்ததால், பிள்ளைகள் சொல்லைப் பார்த்த நொடியே அட்டையைத் திருப்பினார்கள். ஆகவே பின்பக்கத்தில் தமிழை நீக்கிவிட்டு, கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை அந்தச் சொல் வரும் இடத்தில் கோடிட்டு எழுதினேன். கூடவே அப்பொருளை எங்கே தொட்டோம் என்பதற்கு ஒரு குறிப்பு: 'அப்புச்சி தறி', 'வெந்நீர் அடுப்பு', 'அம்மிச்சி ராட்டை'. கோடிட்ட வாக்கியத்தை வாசிக்கும்போதே அந்த இடம் நினைவுக்கு வந்து, சொல் தானாக வந்தது. தொட்டுக் காட்ட முடியாத சொற்களுக்கு இம்முறை அவ்வளவு உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'கிங்டம்', 'ப்ராமிஸ்', 'கர்ஸ்' ஆகியவை இன்றும் முதல் இரண்டு அறைகளுக்குள்ளேயே சுற்றுகின்றன. 'டூ'-வுக்கும் 'வெரி'-க்கும் உள்ள வேறுபாட்டை மூன்று கரடிகள் கதையை வைத்து, மூன்று கிண்ணம் ராகிக் கஞ்சியைச் சுடச்சுடவும் ஆறவிட்டும் பதமாகவும் குடித்துப் பார்த்துத் தீர்த்தோம்.

டிசம்பர் இறுதியில் எண்ணியபோது பன்னிரண்டு கதைகளில் நூற்று நாற்பத்து நான்கு அட்டைகள் இருந்தன. என் மகளின் ஐந்தாம் அறையில் தொண்ணூற்றேழு. பள்ளிப் பாடத்தில் இச்சொற்கள் எல்லாம் வருவதில்லை. ஆனால் பாடத்தை வாசிக்கையில் தெரியாத சொல் வந்தால், அவள் இப்போது தலை குனிவதில்லை. அது என்ன பொருளுங்கம்மா, நம்ம வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

வருகிற சனிக்கிழமைக்கு, குட்டித் தேவர்கள் இரவில் வந்து செருப்புத் தைத்துக் கொடுக்கும் கதையை எழுதி வைத்திருக்கிறேன். பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கேட்டபோது, மாலை ஐந்து மணிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். தோலைத் துளையிடும் குத்தூசி 'ஆல்', செருப்பின் அடி 'சோல்'. செருப்பைக் கவிழ்த்து மாட்டி அடிக்கும் அவருடைய இரும்புக் கால் 'லாஸ்ட்'. கடைசி என்று அவர்கள் அறிந்த அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பதைப் பிள்ளைகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.